கடலைத் தள்ளி நிறுத்தும் ஆறு

"தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது." ஒவ்வோர் ஆண்டும் நவம்பர், டிசம்பரில் பூண்டி ஏரியின் ஷட்டர்கள் உயர்த்தப்படும்போது இந்த வாக்கியத்தைப் பத்திரிகையில் படிக்கிறீர்கள், டீக்கடையில் பேசுகிறீர்கள், கிராம சபையில் மனுவாகவும் கொடுக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொசஸ்தலை ஆற்றைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள் தங்கள் கிணற்றிலேயே உப்பாகச் சுவைத்துவிட்டார்கள்.

நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். வேளாண்மைப் பக்கத்தில் புளியந்தோப்புக்காரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் தோப்பு பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஓட்டேரி நல்லா கறுப்பாக ஓடி, பேசின் பாலம் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் சேரும் இடம் அது. ஆனால் என் அம்மா பிறந்தது மீஞ்சூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் ஒரு கிராமம். முழுப் பரீட்சை முடிந்ததும் எங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பத்து மாதம் புளியந்தோப்பின் தெருக் குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பேன். இரண்டு மாதம் மாமாவின் கிணற்றில் குதித்துக் குளிப்பேன். குழாயில் வந்ததும் கிணற்றில் ஊறியதும் ஒரே ஆற்றின் தண்ணீர் என்பது வேளாண் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆற்றைப் பற்றித்தான் இந்த வாரம். நவரை நாற்று விட்டுக்கொண்டிருக்கும் நேரம் இது. கிணற்று நீரை எப்படிப் பயன்படுத்துவது என்பதை முடிவு செய்ய ஆற்றின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கொசஸ்தலை, கொற்றலை என்று இரண்டு பெயராலும் அழைக்கிறோம். நீளம் சுமார் 136 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் வாய்க்கால் அளவுதான். ஆனால் இதன் வடிநிலப் பரப்பு சுமார் 3,757 சதுர கிலோமீட்டர். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலும், ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்திலும் பெய்யும் மழை, திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி மழை எல்லாம் இதில்தான் வடிகிறது. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி ஒரு பக்கம் வருகிறது. வழியில் கேசவரம் அணைக்கட்டில் ஒரு கிளை பிரிந்து கூவமாகப் போகிறது. சென்னை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்தக் கூவமும் இந்த ஆற்றின் பிள்ளைதான். மறுபக்கம் நகரி ஆறு ஆந்திராவிலிருந்து இறங்கி வந்து பூண்டி நீர்த்தேக்கத்தின் பின்பரப்பில் சேர்கிறது. அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலம் மூழ்குவதை அந்தப் பக்கத்து வாசகர்கள் நன்றாக அறிவார்கள்.

பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, காரனோடைப் பாலம், வல்லூர் அணைக்கட்டு, மணலி புதுநகர், கடைசியில் எண்ணூர் முகத்துவாரம். ஆற்றின் அகலம் 150 முதல் 250 மீட்டர். இவ்வளவு சிறிய ஆற்றுக்கு இவ்வளவு அகலமும், கரையோரம் இவ்வளவு ஆழத்துக்கு மணலும் எப்படி வந்தன? பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்ற பழம்பெயரும் இதற்கு உண்டு. ஆறு இடம் மாறிப் போனாலும் மணலை விட்டுப்போனது. அந்த மணல்தான் நமக்குச் சொத்து, நமக்கு வந்த வம்பும் அதுதான்.

ஓர் இடைக்குறிப்பு. பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011ல் வெளியான ஆய்வு சொன்னது. மனிதன் இந்த ஆற்றங்கரையில் தண்ணீருக்காக உட்கார்ந்து அவ்வளவு காலம் ஆகிறது. அதன் கிணறுகளை உப்பாக்க நமக்குத் தேவைப்பட்டது முப்பது, நாற்பது ஆண்டுகள்.

நகரம் கை வைத்த கதை

சென்னைக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோகும் யோசனை புதிதல்ல. வில்லியம் ஃபிரேசர் என்ற பொறியாளர் 1866ல் வகுத்த திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் ஆற்றை மறித்து, கால்வாய் வெட்டி, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் தண்ணீரைத் திருப்பினார்கள். 1872ல் புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. சோழவரமும் புழலும் அதற்கு முன் பாசன ஏரிகள். அவற்றின் கீழ் வயல் வைத்திருந்தவர்கள் முதல் தலைமுறையிலேயே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். பிறகு சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி எடுத்த முயற்சியில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1944ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதனால்தான் அதற்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கண்டலேறு கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது.

பூண்டிக்கு மேல் வரும் வெள்ளம் நகரத்துக்கு. நிரம்பி வழிந்தால்தான் கீழே ஆற்றுக்கு. இதுதான் நடைமுறை. இதில் தவறு என்று நான் சொல்லமாட்டேன். குடம் வைத்துக் காத்திருந்தவன் நான். 2019 கோடையில் புழல் ஏரி தரை தெரிய வறண்டு கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். எங்கள் தெருவில் லாரி வரும் சத்தம் கேட்டதும் கிழவிகள்கூட ஓடினார்கள். குடிநீருக்கு முதலிடம் என்பதை எந்த விவசாயியும் மறுத்ததாக நான் கேட்டதில்லை.

தவறு நடந்தது நிலத்துக்கு அடியில். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆரணி, கொசஸ்தலை ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் மூன்றிலும் மணலுக்கடியில் நல்ல நீர் நிறைய இருப்பது தெரிந்தது. உடனே கிணற்று வயல்கள் அமைத்தார்கள். மீஞ்சூர்க் கிணறுகளின் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போனது. பின்னாளில் பூண்டி, கன்னிகைப்பேர், ஆற்று வெள்ளச் சமவெளி என்று மேலும் மூன்று கிணற்று வயல்கள் சேர்ந்தன. அதே காலத்தில்தான் நமக்கும் மின்மோட்டார் வந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நெல் போட்டோம். நகரம் மட்டும் உறிஞ்சவில்லை, நாமும் உறிஞ்சினோம். இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.

1969ல் உவர் நீர் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரைதான் உள்ளே வந்திருந்தது. 1983ல் சுமார் 9 கிலோமீட்டர். அதற்குப் பிறகு 13 கிலோமீட்டரையும் தாண்டியது. 1987ல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சட்டம் வந்த பிறகும் லாரிகள் நிற்கவில்லை.

கடல் எப்படி உள்ளே வருகிறது?

இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடல் நீர் மேலே ஏறி வயலில் பாய்வதில்லை. நிலத்துக்கு அடியில், மணல் அடுக்கில், நல்ல நீரும் கடல் நீரும் எதிரெதிரே நிற்கின்றன. நல்ல நீர் இலேசானது, கடல் நீர் கனமானது. அதனால் நல்ல நீர் மேலேயும் கடல் நீர் ஆப்பு வடிவில் கீழேயும் இருக்கும். நம் கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் இருந்தால், அதன் எடை கடல் நீரைச் சுமார் 40 அடி ஆழத்துக்குக் கீழே அழுத்தி வைக்கும். இது ஏட்டுக் கணக்கு. களி அடுக்கு குறுக்கே வரும் இடங்களில் கொஞ்சம் மாறும். ஆனால் விகிதத்தை மனதில் வையுங்கள். நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியில் உப்பு 40 அடி மேலே ஏறுகிறது. ஐந்தடி இறக்கினால்? உங்கள் போர்வெல் எத்தனை அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போர்வெல்லில் உப்பு தட்டியதும் பலர் செய்வது இன்னும் ஆழமாகத் துளை போடுவது. உள்நாட்டில் அதற்கு ஏதாவது பலன் கிடைக்கலாம். கடலோரத்தில் அது ஆப்பின் கனத்த பக்கத்துக்கே குழாயை இறக்குவது. நல்ல நீர் மேலேதான் மிதக்கிறது. அந்த இடத்தில் அகலமான பழைய திறந்த கிணறு, ஆழமான போர்வெல்லைவிட நல்ல நீர் தரும். கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி இறைக்க வேண்டும்.

இப்போது ஆற்றுக்கு வாருங்கள். இந்த நல்ல நீரின் உயரத்தை நிரப்பி வைப்பது எது? நம் வயலில் பெய்யும் மழை கொஞ்சம். ஆனால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் மேல்மண் களி, தண்ணீரை எளிதில் இறக்காது. வயலில் வெட்டும் பண்ணைக்குட்டை நீரைச் சேர்த்து வைக்கும், பாசனத்துக்கு உதவும், கீழே இறக்குவது குறைவு. மணல் திறந்து கிடக்கும் பெரிய வாசல் ஆற்றுப் படுகைதான். ஆறு ஓடும் நாட்களில் இருபுறமும் கிணறுகள் ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆறு மெதுவாக எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் கடல் தள்ளி நிற்கிறது. ஆகவே ஆற்றில் கீழே போகும் நீரெல்லாம் வீண் அல்ல. ஆற்றை எண்ணூர்ப் பக்கம் வரை ஓடவிடுவது நாம் கடலுக்குச் செலுத்தும் வரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் பாதி உண்மை என்றேன்? ஏனென்றால் நம் ஆறு அப்படி மெதுவாக ஓடுவதில்லை. நாலு நாள் பேய்போல ஓடிவிட்டு, எட்டு மாதம் வெயிலில் காய்கிறது. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து விநாடிக்கு முப்பதாயிரம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். மணலி புதுநகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. முப்பதாயிரம் கன அடி வீதம் ஒரே நாள் ஓடினால் 2,592 மில்லியன் கன அடி. மணல் குடிப்பதற்கு அவகாசமே இல்லாமல் அது கடலுக்குப் போய்விடும். அதே ஆற்றில் விநாடிக்கு 50 கன அடி வீதம், ஜனவரியிலிருந்து 60 நாள் விட்டால் ஆகும் செலவு சுமார் 260 மில்லியன் கன அடி. வெள்ளம் ஓடிய ஒரு நாளின் பத்தில் ஒரு பங்கு. பூண்டியின் முழுக் கொள்ளளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

நாம் கேட்க வேண்டியது இதைத்தான். நல்ல மழை பெய்து ஏரிகள் நிறைந்த ஆண்டுகளில், பூண்டியிலிருந்து நகரத்துக்கான கால்வாய்களில் மட்டுமல்லாமல், ஆற்றுப் படுகையிலும் ஒரு சிறு ஓட்டத்தைத் தை, மாசி மாதங்களில் விட வேண்டும். அந்த நீர் மீஞ்சூர் வரை மேலே ஓடி வந்து சேராது. தாமரைப்பாக்கம் பக்கத்து மணலே பெரும்பகுதியைக் குடித்துவிடும். குடிக்கட்டும். நிலத்தடியில் நீர் கிழக்கு நோக்கி மெதுவாகத்தான் நகரும், ஆனால் நகரும். கீழ்ப்பகுதிக்கு வல்லூருக்கு மேலே தடுப்பணைகளில் தேங்கும் நீர் உடனடியாக உதவும். தடுப்பணை இருக்கிறது, கதவுப் பலகை இல்லை, கரை உடைந்து கிடக்கிறது என்ற நிலை உங்கள் ஊரில் இருந்தால், அதைக் கேட்டு வாங்குவது புது அணை கேட்பதைவிட முக்கியம். மணல் அள்ளுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. குடிக்கிற வாயை வெட்டி எடுத்துக்கொண்டு போனால் ஆறு எதால் குடிக்கும்?

மாமாவின் கிணறு

மாமாவுக்கு மூன்று காணி நிலம். 2003, 2004 வறட்சியில் தனியார் லாரிகள் அவர் கிணற்றுக்கு வந்தன. இரவு பகலாக மோட்டார் ஓடியது. நான் அப்போது மேற்படிப்பு மாணவன். படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன், ஏன் மாமா விக்கிறீங்க என்று. அவர் கோபப்படவில்லை.

"நெல்லுல இன்னாடா மிச்சம்? லாரிக்காரன் ரொக்கமா கையில குடுக்கிறான். உங்க அக்கா கல்யாணத்த எதுல பண்ணட்டும்?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், அது சுமார் 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 400 லாரி. விவசாயி லாரிக்கு விற்றதைக் குறை சொல்பவர்கள், அதே 400 லாரித் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு கோடை விற்றார். அக்கா கல்யாணம் நடந்தது. நாலைந்து ஆண்டுகளில் கிணற்று நீரில் சோறு மஞ்சளாக வெந்தது. பக்கத்துக் கிணறுகளும் அப்படியே. விற்காத கிணறும் உப்பாயிற்று, ஏனென்றால் அடியில் வரப்பு கிடையாது.

உங்கள் கிணறு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நாக்கு கடைசியில்தான் சொல்லும். பயிர் அதற்கு முன்பே சொல்லிவிடும். நாற்றங்காலில் இலை நுனி கருகி வெளுப்பது, வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் தேங்கி நிற்பது, வரப்பு ஓரம் காய்ந்ததும் வெள்ளை பூப்பது, இவையெல்லாம் அடையாளம். ஆய்வுக்கூடம் இவற்றுக்கும் முன்பே சொல்லும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அந்த நீரிலேயே பாட்டிலை மூன்று முறை கழுவி, ஒரு லிட்டர் பிடித்து, தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம் எழுதி, மறுநாளுக்குள் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி சொல்வார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போதும், மழை முடிந்த ஜனவரியில் ஒன்று, வெயில் உச்சத்தில் மே கடைசியில் ஒன்று. ஒற்றைச் சீட்டைவிட இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மே மாத எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால், ஆப்பு உங்கள் பக்கம் நகர்கிறது.

சீட்டில் இ.சி. என்று ஒரு வரி இருக்கும். நீரின் மின்கடத்தும் திறன் அது, அலகு டெசிசைமன். 0.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை கவனமாக இருக்க வேண்டும். 3ஐத் தாண்டினால் நெல்லுக்கு அந்த நீரை நம்ப வேண்டாம். 2 டெசிசைமன் நீர் சாதாரணமாகத் தெரியும், குடித்தால் சற்றுக் கரிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு ஏக்கர் நவரை நெல்லுக்கு முழுவதும் அந்த நீரையே பாய்ச்சினால், ஆறு டன் உப்பை நீங்களே வயலில் கொட்டுகிறீர்கள். வடிகால் இருந்து, அடுத்த பருவமழை நன்றாகக் கழுவினால் தப்பிக்கலாம். வடிகால் அடைபட்ட வயலில் அது தங்கிவிடும்.

நெற்பயிர் இரண்டு பருவங்களில் உப்பைத் தாங்காது. நாற்றாக இருக்கும்போதும், பூக்கும்போதும். இடையில் கொஞ்சம் தாங்கும். ஏரித் தண்ணீரோ, குட்டையில் சேர்ந்த மழை நீரோ கொஞ்சமாக இருந்தால், அதை எல்லா நாளும் கலந்து செலவழிக்காமல், நாற்றங்காலுக்கும் பூக்கும் தருணத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். மண்ணின் உப்பு அளவு 3 டெசிசைமனைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் நெல் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறைகிறது. பீன்ஸ் வகைகள் 1 டெசிசைமனிலேயே அடிவாங்கும். நிலக்கடலை 3 வரை அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு ஒரேயடியாக விழும். பருத்தி 7 வரைகூடச் சமாளிக்கும். கம்பும் ஓரளவு தாங்கும். உவர் நீரைத் தெளிப்புநீர்க் கருவியில் விடாதீர்கள், இலை கருகும். சொட்டுநீர் பரவாயில்லை.

இன்னொன்று. உப்பு என்றதும் ஜிப்சம் மூட்டையை வாங்கிக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. உவர் நிலத்துக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும்தான். கடல் நீர் கலந்த கிணறு முதலில் உவரை உண்டாக்கும், நாள்பட்டால் சோடியம் ஏறிக் களராகவும் மாறும். உங்கள் வயல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விரிவாக்கப் பணியாளர்கள் பரிந்துரைச் சீட்டில் உவர், களர் என்று பிரித்து எழுதிக் கொடுத்தால் விவசாயிக்குச் சில ஆயிரம் ரூபாயாவது மிச்சமாகும். உழவர் குழுவுக்கு ஒரு கையடக்க இ.சி. மீட்டர் வாங்கி வைத்து, கிராமத்துக் கிணறுகளின் எண்களை ஒரே நோட்டில் தேதிவாரியாக எழுதச் செய்யுங்கள். ஆற்றில் தண்ணீர் விடச் சொல்லி ஆட்சியர் முன்னால் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நிற்கும்போது, அந்த நோட்டுக்கு மரியாதை இருக்கும்.

முகத்துவாரம் நமக்கும்தான்

எண்ணூர் முகத்துவாரம் மீனவர் பிரச்சினை, நமக்கென்ன என்று ஒரு நினைப்பு உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் உடைந்து ஆற்றில் சாம்பல் படிவதும், கழிமுகத்தின் நீர்ப்பரப்பில் மண் கொட்டி மேடாக்குவதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் முதலில் அடித்தது இறால் பிடிப்பவர்களைத்தான். ஆனால் 3,757 சதுர கிலோமீட்டரின் வெள்ளம் வெளியேற இருக்கும் ஒரே வாய் அதுதான். அந்த வாய் சாம்பலால் தூர்ந்தால் வெள்ளம் பின்வாங்கி, வல்லூரைத் தாண்டிச் சம்பா வயலில் நிற்கும். கதிர் வரும் நேரத்தில் ஐந்து நாள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லிக் கேட்கும்போது, பொன்னேரி விவசாயியும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2010ல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2019ல் கொடுங்கையூரில் கழிவு நீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர். மீஞ்சூர்க் கிணறுகளை எந்த மணலிக்காக வெட்டினார்களோ, அதே மணலிக்கு இப்போது வட சென்னையின் சாக்கடை நீர் சுத்தமாகிப் போகிறது. புளியந்தோப்பில் நாங்கள் குளித்துத் துவைத்து விட்ட தண்ணீர் உங்கள் கிணற்றின் பாரத்தைக் கொஞ்சம் சுமக்கிறது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. இது இன்னும் பெருக வேண்டும். தொழிற்சாலைக்கு ஒரு சொட்டு நல்ல நிலத்தடி நீரும் போகாத நிலை எட்ட முடியாத ஒன்றல்ல.

பொங்கலுக்கு மறுநாள் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மீட்டரைக் கிணற்று நீரில் விட்டுப் பார்த்தோம். 2.6. கடந்த மே கடைசியில் இது 3.4 ஆக இருந்தது. இந்த முறை ஆறு கொஞ்ச நாள் கூடுதலாக ஓடியிருக்கிறது. மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மூன்று காணியிலும் நவரை வைக்கலாமா என்று கேட்டார். ஒரு காணி போதும், நாற்றங்காலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், ஏரி மதகு வாய்க்காலில் நிற்கும் நீரை ஆயில் இன்ஜின் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டு காணியில் கம்பு தெளியுங்கள் என்றேன். கம்புக்கு யார் காவல் இருப்பது, குருவி விடுமா என்று முணுமுணுத்தார். பிறகு விதைக்கு எந்த ரகம் என்று கேட்டார்.